ஞாயிற்றுக்கிழமை ஏலச்சீட்டு

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் ஒரு மருந்தோடுதான் செய்கிறார்கள். போன மாதம் மேலப்பாளையத்திலிருந்து பெரிய மாமி பேசினார். என் வீட்டுக்காரருக்கு அத்தை முறை.

“ஏளா மைமூனு, புள்ளைக்கு வசம்பச் சுட்டு தேன்ல ஒரசி நாக்குல தடவச் சொன்னேனே, தடவுனியா?”

“தடவுனேன் மாமி.”

“எதும் மாத்தம் தெரியுதா?”

“தெரியுது மாமி. தேன் பாட்டில எடுத்து ஒளிச்சி வச்சிருக்கான்.”

அனஸ் என் மகன். வயது பதினான்கு. அவனுக்கு ஆட்டிசம். ஊரில் இதை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. பம்பாய்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்பதே ஊரின் தீர்ப்பு. தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு முதலில் அது குழாயில் வர வேண்டுமே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தாயத்து கட்டியாயிற்று. ஓதிய தண்ணீர் கொடுத்தாயிற்று. கழுதைப்பால்கூட வாங்கினேன். தாராவியில் கழுதையைத் தேடிக் கண்டுபிடித்ததும், அதன் சொந்தக்காரரிடம் எதற்கென்று ஹிந்தியில் விளக்கியதும் என் வாழ்நாள் சாதனை. அனஸ் அதை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். வீணாகிறதே என்று நானே குடித்தேன். எனக்குச் சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

இப்போது ஊர் ஆண்டு மலர்க் குழுவினர், ‘பம்பாய்வாழ் நம்மூர்ப் பெண்களின் முன்னேற்றம்’ என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். முன்னேற்றம் என்று காட்ட என்னிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன். என் மூத்தவள் ரிஸ்வானா கல்லூரியில் படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், இரண்டாவது வரியில் மூச்சு வாங்கி ஹிந்திக்கு ஓடிவிடுவாள். இதை அவள் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டுக்குக் கீழே என் வீட்டுக்காரருடைய தோல்பைப் பட்டறை. மேலே நாங்கள். நடுவில் ஓர் இரும்பு ஏணி. அனஸைப் பார்க்க வருகிறவர்கள் ஏணியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் கேட்பது, “இவனுக்கு என்ன விசேஷத் திறமை?” என்பதைத்தான். எல்லாம் சினிமா செய்த வேலை. இப்படிப்பட்ட பிள்ளை என்றால் கணக்கில் புலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பியானோ வாசிக்க வேண்டும். என் மகனின் திறமை வெங்காயம். எவ்வளவு பொடியாக நறுக்கி எதற்குள் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துத் துப்பிவிடுவான். இதற்குக் கோப்பை கொடுக்கும் போட்டியை இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை.

செம்பூரில் ஒரு பயிற்சி மையத்துக்கு அவனை வாரம் மூன்று நாள் அழைத்துப் போகிறேன். சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாற வேண்டும். மீசை அரும்பும்வரை என்னோடு லேடீஸ் டப்பாவில் வந்தான். மீசையைக் கண்டதும் அங்கிருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் மாற்றுத்திறனாளிகள் பெட்டிக்கு மாறினோம். அங்கே, ஆபீஸ் பையும் இஸ்திரி போட்ட சட்டையுமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், “இவனுக்கு என்ன? கைகால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று ஹிந்தியில் விசாரித்தார். “உங்களுக்கு என்ன? உங்களுக்கும் நல்லாத்தானே இருக்கு?” என்று நானும் விசாரித்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுதானா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்தப் பெட்டியில் ஏறுவதற்கு ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். நாள் கணக்கில் அலைந்து வாங்கினேன். பால் பாக்கெட்டுக்கு இருப்பதுபோல அதற்கும் காலாவதித் தேதி போட்டுக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். “அதற்குள் சரியாகிவிட்டால்?” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். சரியானால் வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம்தான் வந்து சொல்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், குழந்தை குழம்புகிறான் என்றார். அவன் குழம்பினானோ இல்லையோ, நாங்கள் குழம்பிப்போய் ஹிந்திக்கு மாறினோம். அன்றிலிருந்து பெற்ற மகனிடம் நான் புது மருமகளைப்போல அடக்கமாகப் பேசுகிறேன். என் ஹிந்தியில் கோபப்படுவதற்கு வார்த்தை பத்தாது. ஆத்திரம் வந்தால் திருநெல்வேலிதான் வருகிறது. அதற்கு மட்டும் அவன் திரும்பிப் பார்க்கிறான்.

3

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும், நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. முதலில் நோன்பு என்றேன். பிறகு மழைக்காலம் என்றேன். பிறகு பையனுக்குப் பரீட்சை என்றேன். “என்ன பரீட்சை?” என்று கேட்டார். அவருக்கு அனஸைத் தெரியும் என்பதை மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன். ரத்தம் இவ்வளவு குறைந்தால் ஒருநாள் ரோட்டில் விழுவாய், அப்போது உன் பையன் கையை யார் பிடித்திருப்பார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய்கூட இல்லை.

அனஸ் என் கையால் மட்டும்தான் சாப்பிடுவான். வெறும் சோறு, முட்டை வெள்ளை, சுட்ட அப்பளம். நான் உருட்டி வாயில் வைக்க வேண்டும். வேறு கை வந்தால் வாய் மூடிக்கொள்ளும். இரண்டு வருடம் முன்பு எனக்கு டெங்கு வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இவர் ஊட்டிப் பார்த்தார். நடக்கவில்லை. என் துப்பட்டாவைத் தலையில் போட்டு, என் வளையல்களில் கைக்கு ஏறியவரைக்கும் மாட்டிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். அனஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தட்டைத் தூக்கி ஏணி வழியாகப் பட்டறைக்கு அனுப்பினான். காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் எழுந்து உட்காரும்வரை அந்தப் பிள்ளை வெறும் தண்ணீரில் கிடந்தான். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான் பார்த்துக்கிறேன் அம்மீ” என்று ரிஸ்வானா அடிக்கடி சொல்வாள். நல்ல பெண். அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் இவனைக் கண்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். தம்பிக்குச் சோறு ஊட்டுவதற்காக அவள் காலமெல்லாம் இந்த ஏணியில் ஏறி இறங்கக் கூடாது.

நாலைந்து நாள் கிடக்கட்டும். ஒரேயடியாக நான் போய்விட்டால்? மையத்தின் வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அம்மாக்கள் அதில்தான் உட்கார்ந்திருப்போம். மாமியாரிலிருந்து மூலநோய்வரை அந்தப் பெஞ்சில் பேசாத விஷயம் கிடையாது. இந்த ஒன்றை மட்டும் யாரும் வாயைத் திறந்து கேட்டதில்லை. திடீரென்று எல்லோரும் ஒன்றாகப் பேசாமல் இருந்தால் அதைத்தான் நினைக்கிறோம் என்று அர்த்தம். உடனே யாராவது சமோசா வாங்கலாமா என்பார்கள்.

4

பெஞ்சில் எனக்கு நெருக்கம் இரண்டு பேர். ஒருவர் சுனந்தா, செம்பூரிலேயே இருக்கும் மராட்டிக்காரர். அவர் மகன் ஓம்கார் அனஸின் வயதுதான். இன்னொருவர் ஜெயந்தி, மாட்டுங்கா. அவருடைய தாத்தா காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பம். பேங்கில் இருந்தவர், மகள் வர்ஷாவுக்காக வேலையை விட்டவர்.

ஒருநாள் மையத்தில் ‘பெற்றோர் நலம்’ என்று கூட்டம் போட்டார்கள். கவுன்சலராக வந்தது ஒரு சின்னப் பெண். லாப்டாப்பில் கடல், மலை எல்லாம் காட்டினாள். உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள், வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி நிதானமாகக் குளியுங்கள் என்றாள். எங்கள் வீட்டில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அடுப்புக்குப் பக்கத்திலுள்ள மோரியில்தான், நாலு டைல்ஸ் அகலம். அதில் மெழுகுவர்த்தியை வைத்தால் நான் வெளியேதான் நிற்க வேண்டும். பிறகு ஆழமாக மூச்சை இழுங்கள் என்றாள். இழுத்தோம். ஜன்னலுக்குப் பின்னால் சாக்கடை வேலை நடந்துகொண்டிருந்தது. அவசரமாக விட்டுவிட்டோம்.

“மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று அந்தப் பெண் சுனந்தாவிடம் கேட்டாள். “பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவேன். பில்டிங் சொசைட்டியில் தண்ணிக்கு மீட்டர் போட்டதிலிருந்து அதையும் விட்டுவிட்டேன்” என்றார் சுனந்தா. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பாவம், அவளைக் குறை சொல்லவில்லை. கடைசியில் உருப்படியாக ஒன்று சொன்னாள். மாதத்தில் ஒரு நாள் பிள்ளையை நம்பிக்கையான யாரிடமாவது விட்டுவிட்டு வெளியே போங்கள் என்றாள். யாரிடம் என்பதுதான் லாப்டாப்பில் இல்லை.

அன்று பெஞ்சுக்குத் திரும்பியதும் சுனந்தாவுக்கு யோசனை வந்தது. இங்கே பெண்கள் பிஷி என்று நடத்துவார்கள். நம்மூர்ச் சீட்டுதான். பணத்துக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமையை வைத்து ஒரு பிஷி நடத்துவோம் என்றார். மாதம் ஒருவருக்கு ஒரு ஞாயிறு முழு லீவு. மற்ற இருவரும் அவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குலுக்கல் சரிப்படாது, ஏலச்சீட்டாக வைப்போம் என்றார் ஜெயந்தி. பேங்க் புத்தி. “யாருக்கு ரொம்ப முட்டறதோ அவா எடுத்துக்கட்டும். தள்ளிக் கேக்கறதுக்குப் பணம் கிடையாது. அவாவா கஷ்டத்தைச் சொல்லிக் கேளுங்கோ.”

ஏலம் ஆரம்பித்தது. ஓம்காரும் மாமியாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ராத்திரியில் மாறி மாறி முழித்திருக்கிறார்கள் என்றார் சுனந்தா. “வர்ஷா என் மூக்குக்கண்ணாடியை ஒடிச்சுட்டா. ஒரு வாரமா உலகத்தை உத்தேசமாத்தான் பாத்துண்டிருக்கேன்” என்றார் ஜெயந்தி. மாமியார் போன வாரம் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தார் என்று சுனந்தா ஏற்றினார். ஜெயந்திக்கு முதுகுவலி. சுனந்தாவுக்குக் கணவரின் குறட்டை. நான் சமோசாவைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். எனக்கு லீவு வேண்டாம். லீவில் போனால் பிள்ளை பட்டினி கிடப்பான்.

ஜெயந்தி திடீரென்று என் பக்கம் திரும்பினார். “மைமூன், ஆஸ்பத்திரிக்கு டேட் வாங்கிட்டேளா?”

நான் சமோசாவைக் கீழே வைத்தேன். சுனந்தா தன் கஷ்டத்தை வாபஸ் வாங்கினார். ஜெயந்தியும் வாங்கினார். முதல் சீட்டு என் தலையில் விழுந்தது.

“அவன் சாப்பிட மாட்டானே. ஒங்களுக்குத் தெரியாது, பட்டினி கெடப்பான்” என்றேன்.

“ஒரு வேளை சாப்பிடலேன்னா அவனுக்கு ஒண்ணும் ஆயிடாது. நீங்க இப்படியே இருந்தேள்னா உங்களுக்கு ஆயிடும்” என்றார் ஜெயந்தி.

சட்டங்கள் போட்டார்கள். சீட்டு எடுத்தவர் போனைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மளிகை, மருந்து, துணி எதுவும் வாங்கக் கூடாது. தர்கா, கோயில் எதற்கும் போகக் கூடாது. அங்கே போனால் பிள்ளைக்காகத்தான் கேட்போம், அது லீவு ஆகாது.

5

ஞாயிறு காலை சுனந்தாவின் வீட்டில் அனஸை விட்டேன். சோறு, முட்டை, அப்பளம் எல்லாம் டப்பாவில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்ட வேண்டும், சோற்றை எவ்வளவு பெரிதாக உருட்ட வேண்டும், எப்போது தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று வாசலில் நின்று பிரசங்கம் செய்தேன். சுனந்தா என் போனை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். காதை வைத்துக் கேட்டேன். “போங்கோ!” என்று உள்ளேயிருந்து ஜெயந்தியின் குரல் வந்தது.

தெருவில் இறங்கினேன். வலது கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதில் எப்போதும் அவன் மணிக்கட்டு இருக்கும். பையை மாட்டிப் பார்த்தேன், கனம் பத்தவில்லை.

எங்கே போவதென்றும் தெரியவில்லை. சான்பாடாவில் இவருடைய தங்கை வீடு இருக்கிறது. போனால் முதல் வார்த்தையே “பிள்ளையை எங்கே?” என்பாள். அதனால் மாலில் இருந்த தியேட்டருக்குள் நுழைந்தேன். என்ன படம் என்று பார்க்கவில்லை. ஏசி இருந்தது, உட்காரச் சீட்டு இருந்தது, போதும்.

எனக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர், அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. படத்தில் ஒருவன் துப்பாக்கியை எடுத்தான். அனஸுக்கு வெடிச்சத்தம் ஆகாது. எங்கே இருந்தாலும், சத்தம் வருவதற்கு முன்னால் என் கை அவன் காதுக்குப் போய்விடும். அன்றும் போனது. துப்பாக்கி வெடித்து ஓய்ந்த பிறகு பார்க்கிறேன், அந்தப் பெரியவரின் இரண்டு காதுகளையும் நான் இறுக்கிப் பொத்திக்கொண்டிருக்கிறேன். அவர் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை. அவர் மனைவி மெல்ல முன்னால் குனிந்து என்னைப் பார்த்தார்.

“மன்னிக்கணும், பழக்கம். என் மகனுக்கு இப்படித்தான் செய்வேன்” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அந்த அம்மா என் மகனைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். அவன் வரவில்லை என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருவரும் சீட்டு மாற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். யார் யாரைச் சுட்டார்கள் என்று தெரியாது. பெருக்க வந்த பெண் தோளைத் தட்டித்தான் எழுந்தேன். தூக்கத்தில் ஒருமுறைகூட மகனைப் பற்றிக் கனவு வரவில்லை. அதற்காக வெட்கப்பட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே ஒரு ஓட்டலில் நுழைந்து மசால் தோசை வாங்கினேன். சூடாக இருந்தது. நான் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டு எத்தனையோ காலம். நாக்கைச் சுட்டுக்கொண்டேன். இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டாவது தோசையில் பாதி இறங்கும்போது ஓட்டல் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் தாண்டிவிட்டது. இந்நேரம் அவன் பசித்துக் கிடப்பான். டெங்குவில் பார்த்த அந்த வறண்ட உதடு கண்முன் வந்தது. தோசையை அப்படியே விட்டுவிட்டுச் செம்பூர்த் தெருவில் கிட்டத்தட்ட ஓடினேன்.

6

ஜெயந்திதான் கதவைத் திறந்தார். “சேதாரத்தை முதல்ல சொல்லிடறேன். ரெண்டு டம்ளர் போச்சு. ஜன்னல் கர்ட்டனைக் கடிச்சுக் கிழிச்சுட்டான். என் கையில நகம் பட்டுடுத்து, பெரிசா ஒண்ணுமில்லை.”

“சாப்பிட்டானா?”

அவர் சுனந்தாவைப் பார்த்தார். சுனந்தா டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். காலி.

நடந்தது இதுதான். சாப்பாட்டு நேரத்துக்கு டப்பாவைத் திறந்து, நான் சொன்ன பக்கத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறார் சுனந்தா. அனஸ் வாயை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் வர்ஷா கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டு அலற, இருவரும் டப்பாவைத் தரையிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, அவளைச் சமாதானப்படுத்தித் திரும்பிப் பார்த்தால், ஓம்காருக்குப் பக்கத்தில் அனஸ் உட்கார்ந்து சோற்றை அள்ளித் தின்றுகொண்டிருக்கிறான். யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை. இத்தனை வருடப் பயிற்சியில் நடக்காதது, இரண்டு பேர் அவனை மறந்துபோனதில் நடந்திருக்கிறது.

“என்னத் தேடுனானா?”

“இல்லையே” என்றார் ஜெயந்தி.

பொய்க்காவது தேடினான் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சுருக்கென்றது.

அனஸ் உள்ளே ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, வெயில் டைல்ஸில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் பருக்கை. டீச்சர் சொன்ன ஹிந்தி எல்லாம் மறந்துபோனது. “ஏல, உம்மா வந்துருக்கேன். ஒரு தடவயாவது தேடக் கூடாதால? இம்புட்டுக் காலமும் ஊட்டுனனே!” என்று அவன் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான். என் கையைப் பிடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலை மறைத்துக்கொண்டு நின்ற என்னை அந்தக் கையாலேயே ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டுக் கையை விட்டான்.

சுனந்தா அரிசி டின்னிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து இவரைக் கூப்பிட்டேன்.

“சாப்பிட்டானா?” என்றுதான் இவரும் எடுத்ததும் கேட்டார்.

“சாப்பிட்டான்.”

“யாரு ஊட்டுனா?”

“யாரும் ஊட்டல. அவனா அள்ளித் தின்னுருக்கான்.”

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“நீ எதுக்குளா அழுத?” என்றார், தான் அழவே இல்லை என்பதுபோல.

“நான் மவுத்தாப் போயிட்டாலும் இவன் சாப்பிட்டுக்கிடுவான்ங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான், இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. படியேறி வந்த ஒரு வயதான அம்மா நின்று, என்னம்மா, யாராவது இறந்துவிட்டார்களா என்று மராட்டியில் கேட்டார். இல்லை, என் மகன் சாப்பிட்டான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் தலையைத் தடவிவிட்டு மேலே போனார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்தபடி டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, ஆபரேஷனுக்கு எந்த நாளாக இருந்தாலும் சரி என்று சொன்னேன்.